செவ்வாய்த் தட்டு

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். என் மனைவிக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. செவ்வாய்க் கிரகத்தின் குளிரையும் மெல்லிய காற்றையும் ஓர் இரும்புப் பீப்பாய்க்குள் உண்டாக்கி, அதில் ஏதாவது உயிர் தாக்குப்பிடிக்குமா என்று பார்க்கிறாள். இதுவரை அவள் தட்டில் போட்டு உள்ளே வைத்ததெல்லாம் செத்துத்தான் வெளியே வந்தது. இந்த வாரமும் எதுவும் பிழைக்காவிட்டால் பீப்பாயை மூடிவிடுவதாக மேலதிகாரி சொல்லிவிட்டார். பல வருஷ உழைப்பு. அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதைப் பார்த்து எனக்கும் இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளி விடும் நேரத்தில் அவளிடமிருந்து செய்தி வந்தது. ‘செவ்வாயில் உயிர் இருக்கு!’

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது. வாட்ச்மேனிடம் சொன்னேன், கணக்கு டீச்சரிடம் சொன்னேன், பேருந்தில் ஏறிய பிள்ளைகளிடமும் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடமே அண்ணாந்து நின்றது. பட்டப்பகலில் என்ன தெரியும்? நானும்தான் பார்த்தேன்.

“அவங்களுக்கும் பசிக்குமா சார்?” என்று வாட்ச்மேன் கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை.

பிள்ளைகளை இறக்கிவிட்டு ஆய்வுக்கூடத்துக்கு ஓடினேன். நான் சொன்னதைக் கேட்டு அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஐயோ, ஊரெல்லாம் சொல்லிட்டீங்களா? நான் சொன்னது செவ்வாய்க்கிழமை வச்ச தட்டுங்க! திங்கள் செத்துப்போச்சு, செவ்வாய்ல மட்டும் உயிர் இருக்கு.”

எனக்கு அசடு வழிந்தது. “கிழமைன்னு ஒரு வார்த்தை சேர்த்து எழுதினா குறைஞ்சா போயிடுவ?”

அவள் என்னைப் பீப்பாயின் கண்ணாடி வட்டத்துக்கு இழுத்துப் போனாள். உள்ளே செம்மண் தூசி. அதன் மேல் நகத்தளவு பச்சை.

“நம்ம மாடிச் சுவத்துப் பாசிங்க. தேய்ங்க தேய்ங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், நீங்க தேய்க்கல. கடைசில அதைத்தான் சுரண்டி எடுத்துட்டு வந்தேன். காஞ்சு கருகிக் கெடந்துச்சு. இன்னிக்கு மூச்சு விடுது. கருவி காட்டுது.”

தினமும் நான் துணி காயப்போடும் இடத்தில் இது இருந்திருக்கிறது. செவ்வாய்க் கிரகத்துக்கே போனாலும் பிழைக்கும் ஒன்று, என் முழங்கைக்குப் பக்கத்தில்.

“அப்ப நிஜமாவே அங்கயும் இருக்குமா?”

“தெரியாதுங்க. ஆனா இருக்கவே முடியாதுன்னு இனிமே யாரும் சொல்ல முடியாது.”

மூட வந்த மேலதிகாரி கண்ணாடி வட்டத்தில் முகம் வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு, தூங்கும் குழந்தை பக்கத்தில் பேசுவதுபோல, “அடுத்த தட்டு எப்பம்மா?” என்றார்.

“வர்ற புதன் சார்.”

“புதனா? மொதல்ல செவ்வாய முடிப்போம்மா,” என்றார். பீப்பாயை மூடும் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

திங்களன்று வாட்ச்மேன் என்னை மடக்கினார். “எல்லாம் புருடாவா சார்?”

நடந்ததைச் சொன்னேன். அவர் பள்ளியின் சுற்றுச்சுவரைத் திரும்பிப் பார்த்தார். மழை பட்ட இடமெல்லாம் பாசி. மெல்லக் குனிந்து ஒரு விரலால் தொட்டார். பேருந்திலிருந்து இறங்கிய பிள்ளைகளும் போய்க் குனிந்தார்கள். அன்று அண்ணாந்து நின்ற அத்தனை பேரும், மணி அடித்தும் நகராமல், அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.