நாலு விரற்கடை தாழ்ந்த ஸ்டூல்

ஹேசல் குரௌதரின் கை சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பாட்டு மேஜை, பஸ் ஜன்னல், சர்ச் பெஞ்சு, எது கிடைத்தாலும் தாளம்தான். "வயித்துலயே முழுசா பத்து மாசம் இருக்கப் பொறுக்காதவ" என்று அவள் அம்மா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அப்படிப்பட்டவளிடம் போய், "டிரம்ஸ் பதிவு முடிஞ்சிருச்சு, நீ வீட்ல இரு" என்றால் இருப்பாளா?

ரெண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் மழையோடு மழையாகப் பஸ் ஏறி, ஹாலிஃபாக்ஸில் பழைய கம்பளி மில்லுக்குள் இருந்த ஸ்டுடியோவில் போய் இறங்கினாள். அவள் டிரம்ஸ் வாசிக்கும் சிண்டர் லேன் குழுவின் முதல் ஆல்பம் அங்கேதான் பதிவாகிக்கொண்டிருந்தது. ஆறு வருஷம், செருப்பு ஒட்டிக்கொள்ளும் பீர்க்கடைத் தரைகளில் வாசித்து வாசித்துச் சம்பாதித்த ஆல்பம். அம்மா இப்போதே தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

டிரம்ஸ் அறையில் யாரும் இல்லை. பழக்கத்தில் தன் ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முட்டி ரெண்டும் மேலே எழும்பின. ஸ்டூல் நாலு விரற்கடை இறங்கியிருந்தது.

டிரம்ஸ் வாசிக்கிறவர்கள் குச்சியைக் கடன் கொடுப்பார்கள், சிகரெட்டைக் கொடுப்பார்கள், ஸ்டூலின் உயரத்தை மட்டும் தொட விடமாட்டார்கள். மற்றவர்களும் தொடமாட்டார்கள், அவர்களுக்கு அதில் என்ன வேலை? யாரோ குள்ளமான ஆள் உட்கார்ந்து, வசதி பார்த்துத் திருகி, வாசித்திருக்கிறான்.

பக்கத்து அறைக் கதவைத் தள்ளினாள். தயாரிப்பாளர் கிளைவ் ரட்கின் கையில் டீக் கோப்பையோடு ஒலிக்கலவைப் பலகை முன் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடகன் லிண்டன், ஹெட்போனோடு. ஸ்பீக்கரில் அவர்களுடைய பாட்டு. டிரம்ஸ் மட்டும் அவளுடையது இல்லை. பிசிறே இல்லாமல், கடிகாரம் மாதிரி. பல்லவி வந்ததும் லிண்டன் தடுமாறி நின்றான்.

"மறுபடியும்," என்றார் கிளைவ் அலுப்போடு.

"என் ஸ்டூல்ல யாரு உட்கார்ந்தது?"

கிளைவ் திரும்பினார். "அட, நீயா? கோவிச்சுக்காத கண்ணு. முதல் ஆல்பத்துல இதெல்லாம் சகஜம். லண்டன்லேர்ந்து ஒருத்தர் வந்தாரு, சட்டுனு முடிச்சுக் குடுத்துட்டாரு. அட்டையில உன் பேருதான் போடுவோம்."

"பேரு என்னோடது, கை அவரோடதா?"

"பல்லவி வந்தா நீ வேகமெடுத்து ஓடுறியே, நான் என்ன பண்ண?"

அம்மா பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, யாரோ ஒருத்தன் வாசித்ததைப் போட்டுக்காட்டி, 'கேளுங்கடி, எம் பொண்ணு' என்பாள். அந்த வெட்கம்தான் ஹேசலுக்குத் தாங்கவில்லை. பேச்சு மைக்கின் பொத்தானை அழுத்தினாள்.

"லிண்டன், உனக்குத் தெரியுமா?"

அவன் தன் ஷூவைப் பார்த்தான். "நான்தான் சரின்னேன். இல்லன்னா ஆல்பமே கிடையாதுன்னாங்க."

"சரி. நல்லாப் பாட வருதா?"

"எங்க வருது? காலையிலேர்ந்து பல்லவியில வழுக்குறேன்."

முட்டிக்கொண்டு வந்த அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்தது. "ஆறு வருஷம் நான் ஓட ஓட என் பின்னாடியே ஓடினவன் நீ. இப்ப நடன்னா நடப்பியா? கிளைவ், நான் வாசிச்ச டேப்பை அழிச்சாச்சா?"

"அலமாரியில கிடக்கு."

"அதைப் போடுங்க. ஒரே ஒரு தடவை. பாடட்டும்."

கிளைவ் முனகிக்கொண்டே போட்டார். பல்லவியில் அவள் டிரம்ஸ் ஓடியது. லிண்டன் கண்ணை மூடிக்கொண்டு, தொண்டை நரம்பு புடைக்க, பின்னாலேயே ஓடினான். ஒரே மூச்சில் பாட்டு முடிந்தது. கிளைவ் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இந்தக் குரலை எடுத்து லண்டன்காரர் டிரம்ஸ் மேல ஒட்டிக்கங்களேன்," என்றாள் ஹேசல், வேண்டுமென்றே.

"கிண்டலா? ஒட்டாது. நீ ஓடுற இடத்துலல்லாம் இவனும் ஓடுறான்." தலையைச் சொறிந்தார். "இந்த ஒரு பாட்டு உன்னோடதே இருக்கட்டும்."

"மத்ததெல்லாம்?"

ஸ்பீக்கரில் லிண்டனின் குரல் வந்தது: "மத்ததுக்கும் அவ டேப்பையே போடுங்க. இல்லன்னா நான் பாடல."

கிளைவ் பெருமூச்சு விட்டு அடுத்த டேப்பை எடுக்க எழுந்தார். ஜெயித்துவிட்டாள். ஜெயித்த ஆள் குதிக்க வேண்டாமா? டிரம்ஸ் அறைக்குப் போய், மண்டியிட்டு ஸ்டூல் திருகைப் பிடித்தாள். ஒரு சுற்று சுற்றினாள். பிறகு, சுற்றியதைத் திருப்பிச் சுற்றி லண்டன்காரர் வைத்த உயரத்துக்கே இறக்கினாள்.

லிண்டன் ஓடிவந்தான். "ஹேசல், மன்னிச்சிரு. தப்புதான். சனிக்கிழமை லீட்ஸ்ல கச்சேரி, உன்னை வீட்லயே வந்து வேன்ல ஏத்திக்கிறேன்..."

"ஆல்பத்துல நான் இருப்பேன். எங்கம்மாவுக்கு அது போதும்." குச்சிகளைக் கோட்டுக்குள் செருகினாள். "வேன்ல அந்த லண்டன்காரரை ஏத்திக்க. ஸ்டூல் அவர் அளவுக்குத்தான் இருக்கு."

"விளையாடாத."

"நீ சரின்னு சொன்னப்போ நான் வீட்ல உட்கார்ந்து, நீ நல்லாப் பாடணுமேன்னு வேண்டிக்கிட்டிருந்தேன்டா."

அவள் மழையில் இறங்கி நடந்தாள். பஸ் நிறுத்தத்தில் இரும்புக் கம்பியை விரலால் தட்டிக்கொண்டே அழுதாள். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மாள், "வந்துரும், பொறும்மா," என்றாள். வந்த பஸ் அவள் ஊருக்குப் போவதில்லை. காத்து நிற்கப் பொறுக்காமல் ஏறிவிட்டாள்.