மூன்று நாள் நூல்

நான் வேலை செய்யும் கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை வாங்கித் தருகிறேன் என்று ஷூவாவுக்கு வாக்குக் கொடுத்தவள் நான்தான். அவள் இந்த 2004 கோடையில்தான் தாய்லாந்து அகதி முகாமிலிருந்து அமெரிக்காவில் இருக்கும் செயின்ட் பாலுக்கு வந்தாள். நான் 1980-லேயே வந்தவள். இருவரும் ஒரே குலத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள். அந்த உரிமையில் அவளை நன்றாகவே அதிகாரம் செய்வேன்.

திங்கட்கிழமை அவள் வேலையில் சேர வேண்டும். ஞாயிறு காலை அவள் வீட்டில் எங்கள் இன வழக்கப்படி உயிர் அழைப்பு. முகாமிலேயே தங்கிவிட்ட அவள் உயிரை, வாசலில் முட்டையும் அரிசியும் வைத்துக் கூப்பிட்டார்கள். வந்த உயிர் திரும்ப ஓடிவிடாதபடி ஆளாளுக்கு அவள் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினோம். நானும் கட்டினேன். கட்டிய பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. தொழிற்சாலையில் கையில் ஓர் இழைகூட இருக்கக் கூடாது. நூலையோ மூன்று நாளைக்கு அவிழ்க்கக் கூடாது.

அடுக்களைக்கு இழுத்துப் போய்க் கத்தரிக்கோலை நீட்டினேன்.

"எனக்கும் இப்படித்தான் கட்டினாங்க. மறுநாளே அறுத்துப் போட்டுட்டு வேலைக்குப் போனேன். செத்தா போயிட்டேன்?"

ஷூவா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நான்கு பிள்ளைகள், கால் போன புருஷன். இந்த வேலையை விட்டால் வேறு கதியில்லை.

"வேலை போனாப் போகட்டும் பிலியாக்கா. என் உயிர் இப்பதான் வந்து சேர்ந்திருக்கு." பிறகு மெதுவாகக் கேட்டாள்: "உங்க உயிர் எப்ப வந்துச்சு?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கத்தரிக்கோலை மேசையில் வீசினேன். இருபத்து நான்கு வருடமாகத் தூக்கம் பிடிக்காததற்கு மாத்திரையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தனியாகவே மேலாளரிடம் போனேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற நான், அங்கே ஒரு மணி நேர அனுமதிகூடக் கேட்டதில்லை. என் உடைந்த ஆங்கிலத்தில் நூலைப் பற்றிச் சொன்னேன். அவர் நாட்காட்டியைப் பார்த்தார். வியாழக்கிழமை வரட்டும் என்றார். அவ்வளவுதான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. என் நூலை அறுத்த அன்றைக்கு நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வேறு ஏதாவது வேண்டுமா என்று அவர் கேட்டார். எனக்கும் மூன்று நாள் விடுப்பு வேண்டும் என்றேன்.

அடுத்த ஞாயிறு என் வீட்டு வாசலில் என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். முதல் நூலை ஷூவா கட்டினாள்.

"இறுக்கிக் கட்டுடி," என்றேன். "ரொம்ப வருஷமா வெளியில சுத்திப் பழகினது."