மொழிமுதல் வாரா எழுத்து

மேற்றிசை வானம் செந்நிறக் குழம்பில் தோய்ந்து கிடக்க, கடைத்தெருவின் விளக்குகள் ஒவ்வொன்றாய்க் கண்விழிக்க, ஊரார் பூட்டுகளையெல்லாம் திறந்துகொடுத்த சாவிக்கடை மட்டும் திறப்பாரின்றிப் பூட்டிக் கிடந்த மாலைப்பொழுது அது. அறிவுசால் நண்பரே, மறைந்த அக்கடைக்காரருக்கு இரங்கலுரை ஆற்றவிருந்தவர் அவருடைய தமக்கை மகன்; கல்லூரித் தமிழாசிரியர்; ‘சொல்மலை’ என்னும் பட்டத்தைத் தாமே முன்மொழிந்து, பிறரால் வழிமொழியப் பெற்றவர்.

மாமனோ திக்குவாயர். ‘மாப்பிள்ளே’ என்றழைக்க முயன்றால் முதலெழுத்தின் வாயிற்படியிலேயே அவர் நா தடுக்கி விழும். ஆதலின் முன்பகுதியைக் கழற்றி எறிந்துவிட்டு, ‘ளே!’ என்று மட்டும் அழைப்பார். அது வில்லினின்று விடுபட்ட அம்பெனத் தெருவைக் கடந்து பாயும். மருமகன் கல்லூரியிற் சேர்ந்த புதிதில், தோழர் சூழ நின்றிருந்த வேளையில், அவ்வோசை வந்தது. தோழர்கள் சிரித்தனர்.

“மாமா, ளகரம் ஒரு சொல்லுக்கு முதல்ல வராது. இனிமே அப்படிக் கூப்பிடாதீங்க” என்றார் மருமகன். இலக்கணத்திற் பிழையில்லை. அன்றுதொட்டு மாமன் கைதட்டியே அழைத்தார்.

இரங்கலுரையை மருமகன் ஆயத்தம் செய்துகொண்டிருந்த அறைக்கு, மாமனின் மனைவியாகிய அத்தை வந்து நின்றாள்.

“ஊருக்குப் பேசுறதெல்லாம் பேசிக்கோப்பா. நடுவுல ஒரே ஒரு தடவ, அவரு கூப்பிடுற மாதிரி ‘ளே’ன்னு கூப்பிட்டுக் காட்டு. அந்தச் சத்தத்த இன்னொரு தடவ கேக்கணும்போல இருக்கு.”

“அவைக்கு அது பொருந்தாது அத்தை.”

“என்ன பெரிய அவை? நம்ம சனந்தானே வரப்போகுது!”

“பாக்கலாம் அத்தை.”

‘பார்க்கலாம்’ என்பது, மறுப்பு வெளியே புறப்படுகையில் உடுத்திக்கொள்ளும் வெளுத்த உடை.

மன்றம் நிறைந்திருந்தது. முன்னொரு நகர்மன்றத் தலைவருக்கு எழுதிய உரையையே தூசு தட்டி, பெயரை மட்டும் மாற்றிக் கொணர்ந்திருந்த சொல்மலையார், தொண்டையைச் செருமிக்கொண்டு முழங்கினார்: “மடைதிறந்த வெள்ளமெனப் பொழிந்த நாவினர்! தடையென்பதே அறியாத சொல்லினர்!”

கடைசி வரிசையில் தேநீர்க்கடைக்காரர் பக்கத்திலிருந்தவரை இடித்தார். “என்னய்யா, தப்பான சாவுக்கு வந்துட்டமா?”

அடக்கிய சிரிப்பில் அவ்விருக்கை குலுங்கியது. அத்தை ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. தலையைச் சற்றே சாய்த்து, செவியை மேடைநோக்கித் திருப்பி, காத்திருந்தாள். அதைக் கண்ட அளவில் சொல்மலை சரிந்தது. தாளை மடித்து வைத்துவிட்டு, அவர் வாய்திறந்தார்.

“ள்... ள்...”

இடையின்றிப் பேசிப் பழகிய நா, ஓரெழுத்தைத் தூக்கமாட்டாது தள்ளாடியது. கண்ணீர் முந்திக்கொண்டு வர, அதன் பின்னே நைந்த நூலிழைபோல் வந்தது: “ளே...”

“அடடா! மாமா திக்குறத அச்சு அசலாப் பண்ணிட்டாரே!” என்றது முன்வரிசை. மன்றமே கைதட்டி ஆர்த்தது.

மேடையிறங்கியவரின் கையை அத்தை பற்றிக்கொண்டாள்.

“நல்லாத்தான் பேசுன. ஆனா, அந்த ஒரு சொல்லுல மட்டும் அவருக்குத் திக்கினதே இல்லப்பா.”

கைதட்டல் இன்னும் ஓயவில்லை. தெருவின் எதிர்ப்புறமிருந்து யாரோ தம்மை அழைப்பதாய் எண்ணித் திரும்பிப் பார்த்தார் மருமகன். ஊரெல்லாம் அழைத்துக்கொண்டிருந்தது, அழைக்க வேண்டியவர் மட்டும் அங்கு இல்லை.