புஹாரி மாமா கொழுவிய பெட்டி

மௌலவி வந்துவிட்டார், மாப்பிள்ளை வந்துவிட்டார், பலர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாக உண்ணும் சஹன் தட்டுகள்கூட சமையல் கூடாரத்திலிருந்து வரிசைகட்டி வந்துவிட்டன; வாப்பா மட்டும் இன்னும் வரவில்லை. ஹாலின் நடுவே பூச்சாடியில் சாய்த்து வைத்திருந்த டேப்பின் திரையில், வீடியோ அழைப்பு இணையாமல், ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கட்டாரில் லொறி ஓட்டும் வாப்பா பஸீலுக்கு, மகளின் நிகாஹைப் பார்க்க முதலாளி அரை மணி நேரம்தான் கொடுத்திருந்தான். மௌலவிக்கோ ஹாலிஎலயில் இன்னொரு நிகாஹ் காத்திருந்தது.

"வாப்பா பாக்காம என்னத்துக்கு ராத்தா நிகாஹ்?" என்றாள் மணப்பெண் ஜிப்னா. கண்மை கலங்கத் தொடங்கியிருந்தது.

"அழாத. இப்ப வருவார்" என்று அக்கா ஹம்ஸியா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். பதுளை பஜாரில் போன் கடையில் வேலை செய்கிறவள். வீட்டில் எந்த மின்விளக்கு அணைந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். இன்று கேட்கவா வேண்டும்.

கடைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்லும் வைத்தியத்தையே முதலில் சொன்னாள். "எல்லாரும் வைஃபைய ஒருக்கா நிப்பாட்டிப் போடுங்க." போட்டார்கள். அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த போன்களும் படுத்துவிட்டன, அவளுடையதும் சேர்த்து. மலை மறைப்பதால் வீட்டுக்குள் சிம் சிக்னலும் ஏறாது. நல்ல கெட்டிக்காரிதான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

டேப்பில் இணைப்பு விவரத்தைத் திறந்து பார்த்தாள். சேரும் ஒவ்வொரு போனுக்கும் ரவுட்டர் ஒரு முகவரி எண் கொடுக்கும். இந்த வீட்டில் அந்த எண் எப்படித் தொடங்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். ரவுட்டரைப் பொருத்தியவளே அவள்தான். டேப்பில் இருந்தது வேறு எண். தன் போனைப் பார்த்தாள், அதிலும் வேறு எண். முடிச்சின் நுனி அகப்பட்டுவிட்டது. வீட்டில் இன்னொரு பெட்டியும் முகவரி கொடுக்கிறது.

ரவுட்டருக்குப் பின்னால் குனிந்தாள். புதிதாக ஒரு வயர் ஜன்னல் வழியாக வெளியே போயிற்று. அதைப் பிடித்துக்கொண்டே ஓடினாள். கூடாரக் கம்பத்தில், தூறலுக்குப் பொலித்தீன் சுற்றி, ஒரு பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உம்மாவின் தம்பி புஹாரி மாமா, விருந்தாளிகளுக்குச் சர்பத் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இது ஆர்ட வேல மாமா?"

"என்ட வேலதான் மகள். வந்த சனத்துக்கு வைஃபை பத்தாம போயிரும் எண்டு, என்ட கடையில கெடந்தத கொண்டாந்து கொழுவினேன்."

"சஹனுக்கு ஆள் உக்கார வெக்க ரெண்டு பேர் நிண்டா எப்பிடி மாமா? நம்மட பெட்டி ஹாலுக்கு அனுப்புது. உங்கட பெட்டி சஹனே இல்லாத ரூமுக்கு அனுப்புது."

மாமா சர்பத்தைக் கீழே வைத்தார். "அப்ப மச்சான வரவொட்டாம செஞ்சது நானா?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே வயரைப் பிடுங்கினார். பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வயர் சேற்றில் இழுபட, "மௌலவி, ஒரு நிமிஷம்" என்றபடி ஹாலுக்குள் பாய்ந்தார்.

ஹம்ஸியா டேப்பை மறுபடி வைஃபையில் சேர்த்தாள். சரியான எண் விழுந்தது. வட்டம் இரண்டு தரம் சுற்றி நின்றது. லொறியின் ஸ்டியரிங்குக்குப் பின்னால், தேய்த்த வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக வாப்பா உட்கார்ந்திருந்தார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. உள்ளறையில் ஜிப்னா, "வாப்பா வந்திட்டார்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நிகாஹ் முடிந்தது. மௌலவி துஆ ஓத, ஹால் முழுக்க ஆமீன் எழுந்து அடங்கியது. அந்த அமைதியில், சற்றுப் பிந்தி, டேப்பிலிருந்து தனியாக ஒரு ஆமீன் வந்தது.

மௌலவி அடுத்த வரியை ஓதினார். எல்லோரும் ஆமீன் சொன்ன பிறகு அவர் நிறுத்திக்கொண்டார். ஏந்திய கைகளோடு ஹாலே டேப்பைப் பார்த்துக் காத்திருந்தது.