இருநூற்றுப் பதினாலாம் நம்பரின் மதியச் சாப்பாடு

ஓவியர் சவரிராயனின் டிராயிங் நோட்டுகளில் இருந்த ஆட்கள் மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட எழுந்து போய்விடுவார்கள். இரண்டரைக்குள் திரும்பிவிடுவார்கள், மழை நாளில் மூன்றாகும். நோட்டுகள் நாற்பத்தொன்று, ஆட்கள் நானூற்றுப் பதினேழு. அந்த நேரத்தில் நோட்டைத் திறந்தால் நாற்காலி இருக்கும், வரப்பு இருக்கும், கயிற்றுக் கட்டில் இருக்கும், உட்கார்ந்திருந்த ஆள் இருக்க மாட்டார். சவரிராயன் இதைப் பற்றி யாரிடமும் பெரிதாகப் பேசியதில்லை. வேலை செய்கிறவர் சாப்பிடத்தானே வேண்டும், அசையாமல் உட்கார்ந்திருப்பதும் வேலைதான் என்பது அவர் எண்ணம். அவரும் ஒரு மணிக்குத்தான் சாப்பிடுவார்.

அவர் ஒதியம்பட்டில் மாதா கோயிலுக்குப் பின்னால் குடியிருந்தார். நாற்பது வருடம் வில்லியனூர், பாகூர் ஆகிய இரண்டு கொம்யூன் பஞ்சாயத்துகளிலும் ஊர் ஊராகச் சைக்கிளில் சுற்றி, உட்காரச் சம்மதித்தவர்களை முதலில் நோட்டில் பென்சிலால் வரைந்தார். பிறகு வீட்டுக்கு வந்து அதைப் பார்த்து வாட்டர்கலரில் பெரிதாகத் தீட்டி, கண்ணாடி போட்டு, அவரவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். கண்ணாடிக்குள் போனவர்களால் எங்கும் நகர முடியவில்லை. நோட்டில் இருந்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் எண்பத்தொன்றாம் வயதில் அவர் இறந்தபோது பதினோரு டிரங்குப் பெட்டிகள் மிஞ்சின. நோட்டுகள் போக, பாகூர் ஏரியை அறுபது தடவை தீட்டிய தாள்கள் இருந்தன. கோடையில் அவற்றிலும் தண்ணீர் இறங்கிவிடும். ஒரு பெட்டி நிறையக் கடிதங்கள், பெரும்பாலும் படத்தில் உள்ள மூக்கு தன்னுடையதல்ல என்ற புகார்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி நகல் வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: கண்ணாடியில் மறுபடி பார்க்கவும்.

பெட்டிகள் இருந்த அறை மருமகள் ரோஸி மேரியின் பொறுப்பில் வந்தது. அவள் திருபுவனையில் ஷாம்பு பாட்டிலுக்கு மூடி செய்யும் கம்பெனியில் பதினாறு வருடமாகத் தரம் பார்க்கிறவள். அட்டைப்பெட்டிக்கு ஆயிரம் மூடி. ஒன்று குறைந்தாலும் கையெழுத்துப் போட மாட்டாள். லாரி டிரைவர்களுக்கு அவளைக் கண்டால் ஆகாது. கரையான் ஏறியிருக்கிறதா என்று பார்க்கப் பெட்டியைத் திறந்த அன்று, இருபத்துமூன்றாம் நோட்டில் அவள் தன் அம்மாவைப் பார்த்தாள். பவுனம்மாள் குருவிநத்தத்தில் நடவு வேலை செய்தவள், ரோஸிக்கு ஐந்து வயது முடிவதற்குள் மஞ்சக்காமாலையில் போனவள். போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று தெரியாமலே ரோஸிக்கு நாற்பது வயதாகியிருந்தது. நோட்டில் ஒரு பெண் வரப்பில் குந்தி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். கீழே ‘பவுனம்மா, குருவிநத்தம், 1989’ என்று மாமனாரின் கையெழுத்து. மேல்வரிசையில் ஒரு பல் இன்னொன்றின் மேல் ஏறியிருந்தது. ரோஸி தன் பல்லை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அப்போது மணி ஒன்றானது. பவுனம்மாள் எழுந்து, புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

ரோஸியின் கணவன் அருண் சேவியர் ஏசி மெக்கானிக். அப்பாமேல் அவனுக்குக் கோபம் எதுவும் இல்லை, அறைமேல் ஆசை இருந்தது. மதகடிப்பட்டில் பழைய பேப்பர் கடைக்காரரிடம் பேசி வைத்திருந்தான். அந்தக் கடைப் பேப்பர் நேராகப் பக்கத்து பஜ்ஜிக் கடைக்குத்தான் போகும். ரோஸி முந்திக்கொண்டு டவுனில் இருந்த ஆவணக் காப்பகம் ஒன்றுக்கு எழுதிப் போட்டாள். அவர்கள் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். ஆனால் பட்டியல் வேண்டும், பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் பக்கத்தில் இருக்க வேண்டும், குறையுள்ள தொகுப்பை வாங்கும் வழக்கம் இல்லை என்று பதில் வந்தது. வெள்ளிக்கிழமை தணிகைவேல் என்ற அதிகாரி வந்து பார்ப்பார். அவர் வேண்டாம் என்று சொன்னால் சனிக்கிழமை மதகடிப்பட்டு என்று அருண் சொல்லிவிட்டான். அவன் கெட்டவன் அல்ல, யோசனையும் சொன்னான். “உங்கம்மா பக்கத்த மட்டும் கிழிச்சி வச்சிக்கயேன். ஒன்னு கொறஞ்சா இன்னா?” என்றான். ஒன்று குறைந்தால் என்ன என்று ரோஸியிடம் கேட்கலாமா. மீதி நானூற்றுப் பதினாறு பேரும் யாருக்கோ அம்மா, யாருக்கோ மாமா. அவர்கள் முகத்தில் எண்ணெய்க் கையைத் துடைத்து எறிவதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தணிகைவேல் பன்னிரண்டு மணிக்கு வருவதாக இருந்தார். கிளம்பத் தாமதமாகி, வில்லியனூர் ரயில்வே கேட்டிலும் மாட்டிக்கொண்டு, ஒன்று ஐந்துக்கு வந்தார். கையுறை போட்டுக்கொண்டு நாற்பத்தொரு நோட்டையும் பொறுமையாகப் புரட்டி, ‘நாற்காலி 188, வரப்பு 61, கயிற்றுக் கட்டில் 40, சைக்கிள் கேரியர் 9, மீதி இதர இருக்கைகள். மனிதர் இல்லை’ என்று எழுதினார்.

“சாப்புட போயிருக்காங்க சார். ரெண்டரைக்கு வந்துடுவாங்க,” என்றாள் ரோஸி.

தணிகைவேல் சிரிக்கவில்லை. இருபத்தெட்டு வருடம் அரசாங்கத்தில் இருந்தவர், ஆளில்லாத நாற்காலி அவருக்குப் புதிதல்ல. எங்கள் ஆபீசிலும் இந்த நேரத்தில் இப்படித்தான், ஆனால் யாராவது ஒருத்தரை உட்காரவைத்துவிட்டுப் போவோம் என்றார். இரண்டரை வரை இருக்க முடியாதபடி அவருக்குப் பாகூரில் வேறு வேலை இருந்தது. ஒவ்வொரு ஆளுக்கும் பக்க ஓரத்தில் பென்சிலால் நம்பர் போட்டு வைக்கும்படியும், அடுத்த வெள்ளிக்கிழமை காலையிலேயே வருவதாகவும், அதுதான் கடைசி என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ரோஸி உட்கார்ந்து நம்பர் போட்டாள். பவுனம்மாளுக்கு இருநூற்றுப் பதினாலு வந்தது. திங்கட்கிழமை மதியம் ஒரு மணிக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. செவ்வாயும் அப்படியே. நம்பர் கைக்கு வந்தபின் இடத்தை விட்டு எழக் கூடாது என்பது இந்தப் பக்கத்தில் ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். ஆஸ்பத்திரியோ ரேஷன் கடையோ, கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் திரும்பக் கடைசியில் போய் நிற்க வேண்டும். நானூற்றுப் பதினேழு பேரும் டோக்கனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். எதற்கு டோக்கன் என்று யாரும் கேட்கவில்லை. பாதிப் பேர் கண் பரிசோதனை முகாம் என்று நினைத்தார்கள், பாதிப் பேர் பென்ஷன் என்று. முதல் நம்பர் வாங்கிய அந்தோணிசாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்ததில் அவர் சட்டையில் சவரிராயன் போட்ட மடிப்புகளே காணாமல் போயின. எண்பத்தெட்டாம் நம்பர் பதுங்கிப் பதுங்கி நகர்ந்து பன்னிரண்டாம் நம்பரின் பெஞ்சில் போய் ஒட்டிக்கொண்டார். மறுநாள் காலை பன்னிரண்டின் மீசை பாதி அவர் கையில் இருந்தது.

அதற்குள் எல்லோரும் இளைக்கத் தொடங்கிவிட்டார்கள். கன்னம் ஒட்டியது, கோடுகள் வெளுத்தன. புதன்கிழமை பவுனம்மாள் மூன்று கோடாக இருந்தாள். அன்று மாலை ரோஸியின் சித்தி தனக்கொடி குருவிநத்தத்திலிருந்து போன் செய்தாள். பவுனம்மாளின் தங்கை அவள்.

“முப்பத்தஞ்சு வருசமா எம்பானையில மதியத்துல ஒரு கரண்டி சோறு கொறையும்டி. பூனை துன்னுதுன்னு வுட்டுட்டேன். திங்கக்கெழமையிலேர்ந்து அப்புடியே மிஞ்சுது. பூனைக்கு இன்னா வந்துச்சோ.”

வாசலில் பென்சில் சீவியதுபோலக் கறுப்பாகத் தூள் ஏதாவது விழுந்திருக்குமா என்று ரோஸி கேட்டாள். தினமும் விழும், ரைஸ்மில் கரி என்று பெருக்கித் தள்ளுவேன், அதுவும் மூன்று நாளாக இல்லை என்றாள் சித்தி. விசாரித்தால் இரண்டு கொம்யூன் முழுக்க இதே கதையாக இருந்தது. நானூற்றுப் பதினேழு வீட்டில் நானூற்றுப் பதினேழு கரண்டி சோறு மிஞ்சி, தெரு நாய்கள் நடக்க முடியாமல் படுத்துக் கிடந்தன. ரோஸி போனை வைத்துவிட்டு அடுப்பங்கரையில் அப்படியே நின்றாள். அவள் இந்த வீட்டுக்கு வாழ வந்து பதினேழு வருடம். அத்தனை வருடமும் அவள் அம்மா பக்கத்து அறைப் பெட்டியிலிருந்து புறப்பட்டு, ரோஸியின் அடுப்பைத் தாண்டி, ரோஸியின் சோற்றுப் பானையைத் தாண்டி, குருவிநத்தம் வரை போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறாள். இது மகள் வீடு என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ரோஸி ரப்பரைக் கையில் எடுத்தாள். அழித்தால் சாப்பிடுவார்கள், ஆனால் நாளைக்கு நம்பர் இருக்காது, நாளன்றைக்கு பஜ்ஜிக் கடை. ஒரே ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நாற்பத்தொரு நோட்டுக்கும் பொதுவாகச் சொன்னாள். பெட்டிக்குள்ளிருந்து யாரோ டாக்டர் வந்துவிட்டாரா என்று கேட்டார்.

தணிகைவேல் வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கே வந்துவிட்டார். முதல் நோட்டை மேஜையில் விரித்து, பட்டியலைப் பார்த்து, “ஒன்னு,” என்று படித்தார். அந்தோணிசாமி எழுந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, பக்கத்தின் விளிம்புக்கு வந்து நின்றார். ஒரு சாண் உயரம். தணிகைவேல் சிறிது நேரம் அவரைப் பார்த்தார், அவர் தணிகைவேலைப் பார்த்தார். வரிசைப்படி ஒருத்தர் முன்னால் வந்து நின்றால் ஏதாவது செய்துதான் ஆக வேண்டும் என்பது இருபத்தெட்டு வருடப் பழக்கம். பட்டியலில் ஒரு டிக் போட்டார். “பார்த்தாச்சு. அடுத்து,” என்றார். அந்தோணிசாமி முழுத் திருப்தியோடு போய் உட்கார்ந்தார். நம்பரைக் கூப்பிட்டதே போதும், காரியம் முடிந்த மாதிரிதான். பன்னிரண்டைக் கூப்பிட்டபோது எண்பத்தெட்டும் சேர்ந்து எழுந்து நின்றார். எண்பத்தெட்டு அதன் இடத்தில் போய் உட்காரட்டும் என்று அதிகாரி தலை நிமிராமல் சொன்னார், எண்பத்தெட்டும் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

இருநூற்றுப் பதினாலு வந்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. பவுனம்மாள் வரப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். மூச்சு விட்டால் அழிந்துவிடுவாள் போலிருந்தது. ரோஸி இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. அம்மா என்று கூப்பிட்டுப் பழக்கமில்லாத வாய் அது. கடைசியில் கேஸ் சிலிண்டர்காரருக்கு வழி சொல்வதுபோலச் சொன்னாள்.

“நான் ரோஸி, குருவிநத்தம் பவுனம்மா மவ. இதான் என் வூடு. மாதா கோயிலுக்குப் பின்னால, பச்சை கேட்டு. ஒரு மணிக்கெல்லாம் சோறு ஆயிடும். சித்தி வூட்டுக்கு அவ்ளோ தூரம் போவாத.”

பவுனம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். காதோர நரை, மூக்குக் கண்ணாடி, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. தன்னைவிடப் பதினைந்து வயது மூத்த ஒரு பெண்.

“இன்னா கொழம்புக்கா?”

“வெள்ளிக்கெழம, கறி இல்ல. கருவாட்டுக் கொழம்பு.”

“கத்திரிக்கா போட்டதா?”

போட்டதுதான் என்று ரோஸி தலையசைத்தாள். “பார்த்தாச்சு. அடுத்து,” என்றார் தணிகைவேல்.

நானூற்றுப் பதினேழாவது டிக் விழுந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது. தணிகைவேல் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, மை உலர ஊதினார். ஒரு மணிக்கு எல்லோரும் ஒன்றாக எழுந்தார்கள். நாலு நாள் பட்டினி. அவர்கள் போன வேகத்தில் நாற்பத்தொரு நோட்டும் தானாகப் புரண்டு கடைசி அட்டையில் போய் நின்றது, ஜன்னல் திரை வெளியே பறந்தது, அருண் சேவியரின் தலைமுடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தணிகைவேல் பட்டியல் பறக்காமல் முழங்கையால் அழுத்திக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தன் டிபன்பாக்ஸைத் திறந்தார். எலுமிச்சைச் சாதம். அடுப்பங்கரையில் சோற்றுப் பானையில் இரண்டு கரண்டி குறைந்திருந்தது. தரையில் கறுப்பாகக் கொஞ்சம் தூள் கிடந்தது. குழம்பில் கத்திரிக்காய் ஒன்றுகூட இல்லை.

அடுத்த வாரம் வேன் வந்து பெட்டிகளை டவுனுக்கு ஏற்றிப் போனது. அருண் அறையில் கட்டில் போட்டான். டவுனிலிருந்து ஊருக்கு வந்து சாப்பிட்டுத் திரும்ப ஒன்றரை மணி நேரம் போதவில்லை என்று தெரிந்ததும், காப்பகம் ஒரு மணியிலிருந்து நான்கு மணிவரை மூடியிருக்கும் என்று அறிவிப்புப் பலகை வைத்தார்கள். அந்த ஊரில் கடைகளே அப்படித்தான் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. பாகூர் பஸ்ஸில் பென்சில் ஆட்களிடம் கண்டக்டர்கள் டிக்கெட் கேட்பதில்லை, அவர்களும் உட்கார இடம் கேட்பதில்லை. குருவிநத்தத்தில் தனக்கொடி பானையில் போடும் அரிசியை ஒரு கைப்பிடி குறைத்துக்கொண்டாள்.

ரோஸி முதல் ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு இரண்டரைக்கு வீடு வந்துவிடுவாள். பவுனம்மாள் பச்சை கேட்டுக்குள் அதுவரை காத்திருந்து, சேர்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள். அதிகம் பேச்சில்லை. குழம்புக்கா, இன்னும் கொஞ்சம் ஊத்துக்கா, நாளைக்கு இன்னாக்கா, இவ்வளவுதான். காப்பகத்தில் அவள் பக்கத்தில் மட்டும் அடிக்கடி கறை படிந்தது. சுத்தம் செய்பவர்கள் இரண்டு மாதம் துடைத்துப் பார்த்துவிட்டு, பட்டியலில் இருநூற்றுப் பதினாலுக்கு நேராக, நிலை என்ற கட்டத்தில், ‘கருவாட்டுக் குழம்பு, நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதி விட்டுவிட்டார்கள்.

பத்தாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ரோஸி சாம்பார் வைத்திருந்தாள். பவுனம்மாள் ஒரு வாய் பிசைந்து போட்டுக்கொண்டு, நிமிர்ந்து பார்த்தாள்.

“உப்பு கம்மிடி,” என்றாள்.

ரோஸி உப்பு டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாள். மணி மூன்றாகியிருந்தது, பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.