ராஜாங்கத்தின் தனித்தொட்டி

கருவடிக்குப்பத்தில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ராஜாங்கத்தின் வீட்டுக் கூடத்தில் ஒரு கடல்மீன் தொட்டி உண்டு. அதில் நான்கு வருஷமாக ஒரு ஜோடி கோமாளி மீன்கள். தொட்டி அவருடையது, மீன்கள் என்னவோ அவர் மனைவி வசந்தாவுடையவைதான். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் பகலெல்லாம் அவள் பேசுவது அவற்றோடுதான்.

இரண்டாயிரத்து ஏழில் ராஜாங்கம் புதிதாக இரண்டு நீல மீன்கள் வாங்கினார். நேரே பெரிய தொட்டியில் விட்டால் நோய் பரவும், நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று மீன் கடை ஆரிப் சொன்னார். பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுத்த வழிமுறைத் தாள் ஒன்றையும் கொடுத்தார். அவ்வளவுதான், மனுஷனுக்கு அதிகாரம் தலைக்கேறிவிட்டது. பின்கட்டு அறையில் சின்னத் தொட்டி வந்தது. அதற்குத் தனி வலை, தனி டியூப், தனி வாளி, தனித் துண்டு. வசந்தா இரண்டு தொட்டிப் பக்கமும் வரக் கூடாது. அவள் கையில் மஞ்சளும் சோப்பும் இருக்குமாம். தீனி போடுவதும் இனி அவர்தான். சொந்த வீட்டில் தள்ளி நின்று எட்டிப் பார்ப்பது அவளுக்கு அவமானமாக இருந்தது.

ஐந்தாம் நாள் புது மீன்களின் மேல் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். ராஜாங்கத்துக்கு வருத்தத்தைவிடப் பெருமைதான் அதிகம். தான் உஷாராக இருந்த கதையைக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பரிமாறினார். மருந்து விட்டார், புள்ளிகள் மறைந்தன.

பதினோராம் நாள் அதே புள்ளிகள் கோமாளி மீன்களின் மேல் தெரிந்தன. வசந்தாதான் அவருக்குத் தெரியாமல் கையை விட்டிருப்பாள் என்று விசாரணை இல்லாமலே தீர்ப்பானது. மறுநாள் காலை அவர் பின்னாலேயே போய்ப் பின்கட்டுக் கதவருகில் நின்றாள்.

உப்பு அளக்க ஆரிப் கொடுத்த கருவி உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. முப்பது வருஷமாகச் சாம்பாருக்கு உப்புப் பார்த்த நாக்கு இருக்கும்போது கருவி எதற்கு? ராஜாங்கம் ஒரு கரண்டியால் தனித்தொட்டித் தண்ணீரை மொண்டு, உள்ளங்கையில் விட்டு நக்கி, மருந்துக் கசப்பைத் துப்பினார். சொட்டச் சொட்ட அதே கரண்டியோடு கூடத்துக்கு நடந்து, பெரிய தொட்டியில் முக்கினார்.

“எல்லாத்தையும் தனித்தனியா வச்சீங்க, கரண்டி மட்டும் ஒண்ணுதானா?” என்றாள் வசந்தா.

அவர் கரண்டியை வேட்டியில் துடைத்தார்.

பெரிய தொட்டியில் உயிருள்ள பவளம் இருந்தது, மருந்து பட்டால் அது செத்துவிடும் என்பதால் அதில் மருந்து விட முடியாது. கோமாளி மீன்களைத் தனித்தொட்டிக்கு மாற்றினார்கள். நீல மீன்கள் அங்கே கொழுகொழுவென்று சுற்றிக்கொண்டிருந்தன. கோமாளி ஜோடியில் பெண் மீன் மூன்றாம் நாள் செத்தது. வசந்தா அதைக் கையில் ஏந்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

ராஜாங்கத்துக்குப் பொறுக்கவில்லை. ஜோடிக்கு வேறொன்று வாங்கி வருவதாகச் சொன்னார்.

“வாங்குங்க. அதுக்கு ஒரு தொட்டி, உங்களுக்கு ஒரு ரூமு. ரெண்டும் தனியா.”

கோபம் ஆறிவிட்டது, கேலி பேசுகிறாள் என்று அவர் சிரித்தார். சாயங்காலம் கடையிலிருந்து வந்து பார்த்தால் அவருடைய பாய், தலையணை, தட்டு, டம்ளர் எல்லாம் மாடி அறைக்குப் போயிருந்தன. நான்கு வாரம் என்றாள் வசந்தா.