நாளின் முதல் பீஸ்

மூன்று வாரமாக எங்கள் கம்பெனியில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு பீஸ்தான் பாஸானது. அதுவும் காலையில் முதலில் செய்த பீஸ். மீதி முப்பத்தொன்பதும் குப்பை. ‘சண்முகப்ரியா, தலைமை இன்ஜினீயர்’ என்று என் மேஜையில் பலகை வேறு வைத்திருந்தார்கள். அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் செய்வது படகு ரேடியோவுக்கான ஃபில்டர். அரிசி அளவு க்ரிஸ்டல் சில்லு வெளியூரிலிருந்து வரும். அதன் நடுவே சீப்புப் பற்கள் மாதிரி மெல்லிய அலுமினியக் கோடுகள். சிக்னல் அந்தக் கோடுகளில் இறங்கி, சில்லின் மேற்பரப்பில் அலையாக ஓடி, எதிர்ப்பக்கக் கோடுகளில் மறுபடி மின்சாரமாக ஏறும். வேண்டியது மட்டும் தேறும். ஆனால் சில அலைகள் அங்கே நிற்காது. ஓரம் வரை ஓடி, முட்டி, திரும்பி வந்து நல்ல சிக்னலோடு கலந்து குட்டையைக் குழப்பும். டெஸ்ட் திரையில் நேராக இருக்க வேண்டிய கோடு பல்லிளிக்கும்.

முதல் பீஸில் மட்டும் அந்தப் பல்லிளிப்பு இல்லை. ஏன்? நான் படித்தவள் அல்லவா, காரணமா கிடைக்காது? காலையில் கடல்காற்றில் ஈரம் அதிகம் என்றேன். துறைமுகத்துக் கிரேன்கள் ஓடத் தொடங்கினால் கரண்ட் ஆடுகிறது என்றேன். மேனேஜர் பாண்டியராஜன் என்னை நம்பி ராத்திரி பகலாக ஏசி ஓடவிட்டார். பதினான்கு பக்கத்தில் அறிக்கை எழுதினேன். அதில் ஒன்பது பக்கம் கிரேன்.

பாஸான பதினெட்டு பீஸையும், எங்களிடம் வாங்கும் கம்பெனி எடுத்துப்போய், திரேஸ்புரம் மீனவர்களின் வள்ளங்களில் இருக்கும் ரேடியோவில் பொருத்திச் சோதனைக்குக் கடலுக்கு அனுப்பிவிட்டது. வெள்ளிக்கிழமை அவர்களுடைய ஆய்வாளர் எபனேசர் வருவார், நாற்பதுக்கு நாற்பது பாஸாக வேண்டும், இல்லாவிட்டால் ஆர்டர் இல்லை.

பத்தொன்பதாம் நாள் பொறுமை போய், முதல் பீஸின் மூடியைப் பெயர்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். சில்லின் இரண்டு ஓரங்களிலும் மஞ்சளாக ஒவ்வொரு பொட்டு. மோந்து பார்த்தேன். சந்தனம்!

கம்பி கட்டி மூடி போடுவது செண்பகக்கா. முள்ளக்காட்டுக்காரி. முடியைவிட மெல்லிய கம்பியைக் கை ஆடாமல் கட்டுவாள்.

“யக்கா, இது என்ன?”

“நாளோட மொதப் பீஸு மேடம். சாமிக்குச் சந்தனம் வைக்காம எப்படி வேல தொடங்க?”

“ஓரத்துல ஏன் வச்சீங்க?”

“நடுக்கோட்டுல எதுவும் படக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? தண்ணியில கொழச்சா காஞ்சு உதுந்துரும்னு வெளக்கெண்ணெயில கொழச்சேன்.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஓரத்தில் மெத்தென்று ஒரு பசை இருந்தால் ஓடிவரும் அலையை அது விழுங்கிவிடும், திரும்ப விடாது. இது இரண்டாம் வருஷப் பாடம். சில்லு செய்கிறவர்களே பசை வைத்திருப்பார்கள் என்று நம்பி, நான் பார்க்கவே இல்லை. நான் கிரேனைத் திட்டிக்கொண்டிருந்த மூன்று வாரமும் அவள் சரியான வைத்தியத்தைச் சரியான இடத்தில் வைத்திருக்கிறாள்.

அப்புறம்தான் வள்ளங்களின் ஞாபகம் வந்தது. கடலில் இருக்கும் பதினெட்டும் சந்தனப் பீஸ். வெயிலில் விளக்கெண்ணெய் இளகிக் கோடுகள்மேல் வழிந்தால் ரேடியோ ஊமை. நடுக்கடலில் ஆபத்து என்று கூப்பிட நினைப்பவனுக்கு அது விளையாட்டில்லை. சொன்னால் அக்காவின் வேலை போகும். ஃபில்டர் டப்பாவுக்குள் வெளிப்பொருள் போனால் அன்றே நீக்கம் என்பது விதி. முகப்பவுடர் போட்டு வந்த ஒரு பெண்ணை அப்படி அனுப்பியிருக்கிறார்கள். சொல்லாமலிருக்க முடியவில்லை. அன்று மத்தியானமே அறிக்கை எழுதினேன். பதினெட்டு ரேடியோவையும் திரும்ப வாங்கச் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் அக்காவுக்கு நீக்க உத்தரவும் வந்தது. அவள் டிபன்பாக்ஸை எடுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் போனாள். அதன் பிறகும் நான் உட்கார்ந்து வேலை பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் சிலிக்கான் பசை வாங்கி மற்றப் பெண்களிடம் கொடுத்தேன். பத்துச் சில்லில் ஒன்பதில் பசை கோட்டுமேல் வழிந்தது. நானே வைத்த பதினொன்றாவதில் பசை தவிர எதுவும் தெரியவில்லை. செண்பகக்காவின் கை வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

முந்தின நாள்வரை “ஏளா செண்பகம்” என்று அதட்டிய பாண்டியராஜன், என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு முள்ளக்காட்டுக்குப் போய், அவள் வீட்டு வாசலில் அசடு வழிய நின்றார்.

“செண்பகம்மா, நடந்தத மறந்துருங்க. நாளைக்கே வந்துருங்க. உத்தரவக் கிழிச்சிருதேன்.”

“கிழிக்காண்டாம்,” என்று உள்ளே போய் அந்த உத்தரவைக் கொண்டுவந்தாள். “இதுல ‘தாணுலிங்கம் மகள் செண்பகம்’னு அப்பா பேரோட போட்டிருக்கு. மேடம், நீங்க எழுதுன அறிக்கையில என்ன போட்டிருக்கு? படிச்சுச் சொல்லுங்க.”

கைபேசியில் இருந்தது. இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். “ஓர் ஊழியர் சில்லின் ஓரங்களில் சந்தனம் வைத்ததால் வேண்டாத அலைகள் அடங்கின.”

“ஓர் ஊழியரா?”

“ஒங்க பேரு வந்தா வேலைக்கு ஆபத்துன்னுதான் யக்கா...”

“வேலதான் போயிட்டே. அடுத்த வரி?”

“இதற்கான காரணத்தைக் கண்டறிந்தவர் சண்முகப்ரியா.” குரல் எனக்கே கேட்கவில்லை.

“தப்புக்கு அப்பன் பேரோட செண்பகம். சரியான வேலைக்கு ஓர் ஊழியர். அப்படித்தான?”

அவளைக் காப்பாற்றத்தான் பேரை விட்டேன் என்று அதுவரை என்னையே நம்பவைத்திருந்தேன். அவளைக் காட்டிக்கொடுக்க எனக்குப் பேர் தேவைப்படவில்லை; மூடி போடுவது அவள் ஒருத்திதான், ‘ஓர் ஊழியர்’ என்றாலே பாண்டியராஜனுக்குத் தெரிந்துவிடும். அது எழுதும்போதே எனக்குத் தெரியும்.

“ஆபீஸ்ல போயி மாத்திக்கிடலாம்மா, கார்ல ஏறுங்க,” என்றார் பாண்டியராஜன்.

“மாத்தி அந்த எபனேசர் சாருக்கு அனுப்பிட்டு வாங்க. நான் இங்கனதான் இருப்பேன்.” கதவைச் சாத்திவிட்டாள்.

திரும்பும் வழியிலேயே, காரில் உட்கார்ந்து, என் பெயரை அழித்தேன். ‘தீர்வைக் கண்டறிந்தவர் தாணுலிங்கம் மகள் செண்பகம்’ என்று தட்டி எபனேசருக்கு அனுப்பினேன். அனுப்பியதைத் திறந்து திறந்து பார்த்தேன். குற்ற உணர்ச்சி என்று நீங்கள் நினைத்துக்கொள்ளலாம். இல்லை, அந்தப் பெயர்மேல் பொறாமை.